நாலு பிளக்கும் ஒரு மதுரைப் பயணமும்



போன வாரம் நான்கு ஸ்பார்க் பிளக்குகளைச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்துப் படம் போட்டிருந்தேன். "சார், ரிட்டயர்டு ஆகி ஒர்க்‌ஷாப் வச்சுட்டீங்களா?" என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். "இன்னுமா அந்த அம்பாசிடர வச்சிருக்கீக?" என்று மீதிப் பேர். சிங்கப்பூர் மருமகன், "மாமா, இரிடியம் பிளக் வாங்கி அனுப்பட்டுமா?" என்றார். ஒரே ஒரு மாணவிதான், "நாலுல ஒண்ணு மட்டும் ஏன் சார் கறுப்பா ஈரமா இருக்கு?" என்று கேட்டிருந்தாள். சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் மற்ற கேள்விகளுக்கும் சேர்த்தே சொல்லவேண்டி இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியை ஏன் விற்கவில்லை என்பது. எங்கள் பெரியக்காவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் மடங்காது. சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும். தேதியைத் தள்ளிப் போடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அமராவதிபுதூரிலிருந்து மதுரை போய்த் திரும்ப 180 கிலோமீட்டருக்குப் பக்கம். பஸ் படி ஏற அக்காவால் முடியாது. இரண்டு முறை வாடகைக் காரில் கூட்டிப் போனோம். இந்தக் காலத்துக் கார்களில் இருக்கை தாழ்வு. உள்ளே குனிந்து, காலை மடக்கி, சரிந்து விழவேண்டும். இறங்கும்போது இரண்டு பேர் தூக்கினோம். அக்கா அழுதுவிட்டார். அம்பாசிடரில் அந்தத் தொல்லை இல்லை. கதவு அகலம், இருக்கை நாற்காலி உயரம். திண்ணையில் உட்காருவதைப்போல உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். வண்டியை வைத்திருப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். பழம்பெருமைக்காக வைத்திருக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து அதைத் துடைத்துப் பார்க்கலாம்.

வண்டி 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல். 1489 சிசி இன்ஜின். வங்காளத்தில் உத்தர்பாராவில் 1958-லிருந்து 2014 வரை அம்பாசிடர் செய்தார்கள். இந்த இன்ஜினின் பூர்வீகம் இங்கிலாந்து. பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ். டீசல் அம்பாசிடர் வைத்திருந்த மாப்பிள்ளை ஒருவர், "என் வண்டிக்கு எந்தப் பிளக் போடலாம்?" என்று கேட்டிருந்தார். டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது மாப்பிள்ளை. அதில் இருந்தது ஹீட்டர் பிளக், காலையில் கிளப்புவதற்கு மட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிளக் கடையில் நடக்கும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? "அம்பாசிடருக்கு ஒரு செட் பிளக் குடுங்க." கடைக்காரர் நான்கு டப்பாவை எடுத்து வைப்பார். விலை பேசுவோம். அவ்வளவுதான். டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணை யாரும் படிப்பதில்லை. ஆனால் விஷயம் முழுவதும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பிளக்கின் வேலை பொறி விடுவது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: தன் மூக்கில் ஏறும் சூட்டை இன்ஜின் ஹெட்டுக்குக் கடத்துவது. நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு கடந்துபோக நேரம் எடுக்கும்; மூக்கு சூடாகவே இருக்கும். இதைச் சூட்டுப் பிளக் என்கிறோம். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அது குளிர்ப் பிளக். சூட்டுப் பிளக் என்றால் பொறி பெரிதாக வரும் என்று பல பேர் நினைக்கிறார்கள். பொறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பித்தளை டம்ளரில் காப்பி சீக்கிரம் ஆறும், பீங்கானில் நின்று ஆறும் அல்லவா, அந்தக் கணக்குதான்.

அந்த மூக்கு ஏறக்குறைய 450, 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக இருக்கும். அதற்குக் கீழே போனால் கரி பிடிக்கும், மின்சாரம் கரிவழியே கசியும், இன்ஜின் மிஸ் அடிக்கும். 900-ஐத் தாண்டிப் போகவிட்டால் ஆபத்து. மூக்கே கங்குபோல் கனன்று, பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோலைக் கொளுத்திவிடும். பிஸ்டன் மேலே ஏறிவரும்போது எதிரே வெடிப்பு. இது தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். 150 ரூபாய்ச் சாமான் இன்ஜினையே தின்றுவிடும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

ஆகவே எந்தப் பிளக் என்ற கேள்விக்கு, என்ன வண்டி என்பது பாதிப் பதில்தான். எப்படி ஓடுகிறது என்பது மீதி.

எங்கள் வண்டி ஏழெட்டு ஆண்டுகளாகக் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் குன்றக்குடிக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டமாகத்தான் ஓடியது. இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடும். கரி பிடித்துக்கொண்டே இருந்தது. அப்போது பார்த்த மெக்கானிக் ஒரு படி சூட்டுப் பிளக் போட்டுக் கொடுத்தார். கரி நின்றது, வண்டி ஒழுங்காக ஓடியது. அந்த ஓட்டத்துக்கு அது பொருத்தமான பிளக்தான். இப்போது ஓட்டம் மாறிவிட்டது. மாதம் ஒருமுறை திருப்பத்தூர், மேலூர் வழியாக நல்ல சாலையில் மணிக்கு 70-இல், சித்திரை வெயிலில், நான்கு ஆட்களோடு ஓடுகிறது. போன மாதம் திரும்பி வந்து வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் நான்கைந்து முறை தடதடவென்று தானாகச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. வழியிலும் மேட்டில் ஏறும்போது உள்ளே கோலிக்குண்டு உருட்டுவதுபோல ஒரு சத்தம். இரண்டும் உள்ளே எங்கோ கங்கு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மறுநாள் பிளக்குகளைக் கழற்றினேன். நீங்கள் பார்த்த படம் அதுதான். ஒன்று, மூன்று, நான்கு மூன்றும் சுண்ணாம்பு வெள்ளை. மூன்றாவதில் பீங்கான் மேல் வேர்க்குரு போலச் சின்னப் புள்ளிகள். இரண்டாவது மட்டும் கறுத்து, எண்ணெய் மினுக்கத்தோடு ஈரம்.

பிளக்கைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, கடைசியில் வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுக் கழற்றினால் அந்த ஐடிலின் கரிதான் தெரியும். நல்ல வேகத்தில் போகும்போதே, ஆளில்லாத நேரான சாலையில், கிளட்சை மிதித்து இன்ஜினை நிறுத்தி, ஓரமாக உருட்டி நிறுத்தி அங்கேயே கழற்றிப் பார்க்கவேண்டும். மணி அடித்ததும் விடைத்தாளைப் பிடுங்குவதுபோல. இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் என்னென்ன நடக்கும் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நல்ல பிளக் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பேச்சு. 2000-த்தில் ஈயம் போய்விட்டது. இப்போது நல்ல பிளக்கே வெளிறித்தான் இருக்கும். போதாததற்கு, 2023-லிருந்து படிப்படியாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். புது வண்டிகள் சென்சாரால் உணர்ந்து தாமே சரிசெய்துகொள்ளும். நம்முடைய கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது; 1986-இல் சொல்லிக்கொடுத்த அளவையே இன்றும் ஊற்றிக்கொண்டிருக்கிறது. கலவை 'லீன்' ஆகிவிடும். மூக்கு வெளிறும்.

அதனால் வெள்ளையைப் பார்த்ததும் பிளக் கடைக்கு ஓடவில்லை. காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். மூன்று பிளக்கைப் பார்த்ததுமே, "சார், முதல்ல மேனிஃபோல்டுல காத்து இழுக்குதான்னு பாத்துருவோம். அப்புறம் டைமிங். அதெல்லாம் பாக்காம பிளக்க மாத்துனா காய்ச்சலுக்குத் தர்மாமீட்டர மாத்துன மாதிரி" என்றான். இந்த உவமை என்னிடம் படித்தபோது அவனுக்கு வந்திருந்தால் இரண்டு மார்க் கூடப் போட்டிருப்பேன். மேனிஃபோல்டு கேஸ்கட் லேசாகக் கசிந்தது, மாற்றினான். டைமிங்கை ஒரு முடி பின்னால் தள்ளினான். கார்புரேட்டர் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினான்.

அதற்குப் பிறகுதான் எண்ணுக்கு வந்தோம். எண் விஷயம் பெரிய கூத்து.

வண்டியில் இருந்தது பாஷ் டபிள்யூ 8 டிசி. பாஷ் என்றால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது; மைக்கோ என்றால் தெரியும். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய அதே மைக்கோதான். 2008-இல் பெயரைப் பாஷ் லிமிடெட் என்று மாற்றிக்கொண்டார்கள். நம் மெக்கானிக்குகள் மாற்றிக்கொள்ளவில்லை. எந்தக் கம்பெனிப் பிளக்காக இருந்தாலும் "மைக்கோ பிளக்" என்றுதான் கேட்கிறார்கள். இந்த டபிள்யூ 8-ஐ விட ஒரு படி குளிர்ச்சி டபிள்யூ 7. பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. என்ஜிகேயில் நேர் எதிர்: பிபி 5-ஐ விட பிபி 6 குளிர்ச்சி, எண் கூடினால் குளிர்ச்சி. சாம்பியனில் மறுபடியும் திரும்பிவிடும்: என் 12 ஒய்யை விட என் 9 ஒய் குளிர்ச்சி. இது போதாதென்று, மைக்கோவின் பழைய மூன்று இலக்க எண்கள், டபிள்யூ 145, 175, 225 என்று பழைய டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள், அவற்றில் எண் கூடினால் குளிர்ச்சி. ஒரே கம்பெனி, பழைய கணக்கு ஒரு பக்கம், புதுக் கணக்கு அதற்கு எதிர்ப்பக்கம்! மதுரை ஓட்டத்துக்கு ஒரு படி குளிர்ச்சியாக வேண்டும் என்று முடிவு செய்த ஒருவர், பாஷில் 8-க்குப் பதில் 7 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கடையில் பாஷ் இல்லாததால் என்ஜிகேயில் 6-க்குப் பதில் 5 கேட்டு வாங்கினால், அவர் வாங்கி வருவது பழையபடி அதே சூட்டுப் பிளக்தான். கடைக்காரரும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்.

டபிள்யூ 7 டிசி, பிபி 6 இஎஸ், என் 9 ஒய் மூன்றும் ஏறக்குறைய ஒரே தரம். வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வரியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த இன்ஜின் வகைக்குப் பழைய கையேடுகளில் சாம்பியன் என் 5 என்று இருக்கும். அது மூக்கு உள்ளடங்கிய பழைய ரகம். இதே வகை இன்ஜினோடு இங்கிலாந்தில் ஓடிய எம்ஜிபி காருக்குப் பிற்பாடு மூக்கு வெளியே நீண்ட என் 9 ஒய்தான் போட்டார்கள். அந்த நீட்டல் நமக்கு நல்லது. மெதுவாக ஓடும்போது மூக்கு சீக்கிரம் சூடேறும். வேகமாக ஓடும்போது உள்ளே வரும் புதுக்காற்று அதன்மேல் பட்டுக் குளிர்விக்கும். காரைக்குடிக்கும் ஆகும், மதுரைக்கும் ஆகும். நான் வாங்கியது பிபி 6 இஎஸ். நான்கும் சேர்ந்து 600 ரூபாய்க்குள்.

அந்த 'இ' எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 'எச்' என்றால் 12.7. பழைய ஸ்கூட்டர் பிளக்குகள் பல அந்த 'எச்' ரகம். இரண்டுக்கும் மரையின் தடிமன் ஒன்றே, 14 மில்லிமீட்டர். அதனால் ஸ்கூட்டர் பிளக் அம்பாசிடரில் அழகாக ஏறி உட்காரும், வண்டியும் ஓடும். ஆனால் பொறி ஒரு குழிக்குள் அடிக்கும். மிச்ச மரையில் கரி ஏறி இறுகிவிடும். பிறகு சரியான பிளக்கைப் போடப் போனால் ஏறாது. இதை மாற்றிச் செய்தால், அதாவது நீளப் பிளக்கைக் குட்டை ஹெட்டில் போட்டால், பிஸ்டன் வந்து முட்டக்கூடும். பழைய பிளக்கையும் புதுப் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

இரிடியம் பற்றி மருமகனுக்கு: அன்புக்கு நன்றி, வேண்டாம். நடுக்கம்பி ஊசிபோல் மெல்லியதாக இருப்பதால் குறைந்த வோல்டேஜில் பொறி வரும், வெகுநாள் உழைக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் எண்ணெய் தின்னும் கிழ இன்ஜினில் அது தேய்வதற்கு முன்னாலேயே கரி பிடித்துப் போகும். நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பிளக்கைத் துடைத்துப் போட மனம் வராது. சுரண்டினால் முனை உடையும். சாதா நிக்கல் பிளக்கைக் கழற்றலாம், தேய்க்கலாம், இடைவெளி வைக்கலாம், மனம் நோகாமல் தூக்கி எறியலாம். (சிக்ரியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் எலெக்ட்ரோடு பற்றி எனக்கே பாடம் எடுக்கத் தொடங்குவார்கள். எடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.)

இடைவெளி என்றேன். டப்பாவில் வரும் பிளக்கை அப்படியே மாட்டக்கூடாது. பல பிளக்குகள் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியோடு வருகின்றன. அது எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்குச் சரி. நம்முடையது பாயின்ட், கண்டென்சர், ஒரு கிழட்டுக் காயில். அகல இடைவெளியைத் தாண்ட அதற்குத் தெம்பு போதாது. அம்பாசிடருக்கு 0.025 அங்குலம், ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, பக்கக் கம்பியை மட்டும் மெதுவாகத் தட்டவேண்டும். நடுக்கம்பியைத் தொடவே கூடாது, பீங்கான் விண்டுபோகும். மாட்டும்போது முதலில் விரலால் கடைசிவரை ஏற்றிவிட்டு, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அம்பாசிடர் ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் தாங்கும். ஃபியட், பத்மினி வைத்திருப்பவர்கள் கவனம். அதில் ஹெட் அலுமினியம், மரை போனால் போனதுதான்.

சரி, அந்த இரண்டாம் நம்பர். மாணவிக்குக் கொடுக்கவேண்டிய பதில்.

ஒரு சிலிண்டரில் எண்ணெய் ஏறுகிறது என்றால் பட்டறைகளில் ஒரு பழைய வழி உண்டு: அந்த ஒன்றுக்கு மட்டும் சூட்டுப் பிளக் போடுவது. எண்ணெய் எரிந்துவிடும், மிஸ் நிற்கும். தம்பியும், "ரெண்டுக்கு மட்டும் பழைய எட்டாம் நம்பரே கெடக்கட்டும் சார், ஓடிரும்" என்றான். பொய் இல்லை, ஓடும். காரைக்குடிக்குப் போய்வருவதாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். மேலூர் தாண்டி நடுச்சாலையில், கண்ணில் கட்டுப் போட்ட அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கங்கோடு போக எனக்குத் துணிவில்லை. வலியை மறைக்க மாத்திரை போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். ஈரம் பிளக்கோடு போகவில்லை, சிலிண்டரிலேயே நின்றது. ஆக, பிளக் குற்றவாளி இல்லை. பிறகு கம்ப்ரஷன். மற்ற மூன்றும் 120-ஐ ஒட்டி, இரண்டாவது 115. ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். 118-தான் வந்தது. ரிங் பிழைத்தது, எனக்கும் மூச்சு வந்தது. ரிங் என்றால் இன்ஜினை இறக்கி, போர் அடித்து, அக்காவின் இரண்டு ஊசித் தேதிகள் போயிருக்கும். ரயில்வே கேட்டில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் பின்னால் நீலப்புகை வந்ததும் அப்போதுதான் பொருந்தி வந்தது. நிற்கும் நேரத்தில் வால்வ் தண்டு வழியாக எண்ணெய் இறங்கிச் சேர்கிறது. வால்வ் கைடும் அதன் ரப்பர் சீலும் போய்விட்டன.

ஹெட்டைக் கழற்றினான். பிஸ்டன் தலையில் முட்டை ஓட்டுத் தடிமனுக்குக் கரி. கனன்றுகொண்டிருந்த கங்கில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். சுரண்டி எடுத்து, கைடு, சீல், ஹெட் கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டு மூட மூன்று நாள். நான்கு பிளக்கையும் ஒரே ரகமாகப் போட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை மதுரை போய்வந்தோம். திரும்பும்போது திருப்பத்தூர் தாண்டி, நேரான இடத்தில் இன்ஜினை நிறுத்தி உருட்டி ஓரம் கட்டி, சூட்டோடு சூடாகப் பழந்துணி சுற்றி இரண்டாவதையும் மூன்றாவதையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது வெளிறிய பழுப்பு, புள்ளி இல்லை. இரண்டாவது அதைவிட ஒரு சாயல் கறுப்பு, ஆனால் உலர்ந்திருந்தது. வெயிலில் உட்காரவைத்து நடுரோட்டில் என்ன செய்கிறேன் என்று அக்கா பின்னாலிருந்து சத்தம் போட்டார். பிறகு வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "முன்ன மாதிரி இரையலடா வண்டி, தூங்கிட்டேன்" என்றார். சாவியை எடுத்ததும் இன்ஜின் அப்படியே நின்றது.

ஒரு உதவி வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாங்கி இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை. பழைய பட்டறையை மூடியவர்கள், அம்பாசிடரை விற்றுவிட்டுச் சாமான்களை மட்டும் பரணில் போட்டுவைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் கண்டென்சர், பழைய சரக்காக ஒன்றிரண்டு கிடைக்குமா என்று பார்த்து உள்பெட்டியில் சொல்லுங்கள். காரைக்குடி, தேவகோட்டை என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அக்காவுக்கு அடுத்த ஊசி வைகாசி கடைசியில்.